முன்பக்கம் மட்டும் தேய்த்த சட்டை

அவள் ஜெபம் செய்தாள் என்பது பொய்யில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உதடு துடிக்கத் துடிக்க அவள் ஜெபம் செய்ததை சபையில் பாதிப் பேர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். என்ன கேட்டு ஜெபம் செய்தாள் என்று மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்காததால் வந்த வினைதான் இவ்வளவும்.

சலவைக்கடையின் பின்கட்டில் அவளுக்கு வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் இஸ்திரி அக்கா. இருபது வருஷமாக அந்த நீராவிக்குள் நின்று ஊரார் சட்டைகளைத் தேய்க்கிறாள். முதலில் காலர், பிறகு தோள்பட்டை, கை, கடைசியில் உடம்பு. முதுகுப் பக்கத்தில்தான் அவளுக்குக் கண்டிப்பு அதிகம். கோட்டுக்குள் மறைகிற முதுகுதானே என்று யாராவது மேம்போக்காகத் தேய்த்தால் சட்டையைப் பிடுங்கித் தண்ணீர் தெளித்துத் திரும்பப் போட வைப்பாள்.

அவள் கணவர் பேருந்தில் கண்டக்டர். சபையிலும் தெருவிலும் அதுதான் அவர் பெயர். நல்ல மனிதர்தான். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது, சம்பளம் ஒழுங்காக வீட்டுக்கு வரும். வாய்தான். உப்பு கூடினால் ஒரு பேச்சு, குறைந்தால் இரண்டு பேச்சு, சரியாக இருந்தால் தட்டை வைத்த விதத்துக்கு ஒரு பேச்சு. விளக்கை அணைத்தால் ஏன் அணைத்தாய், போட்டால் ஏன் போட்டாய். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் செய்த ஒரு காரியமாவது சரி என்று அவர் சொன்னதில்லை. அடிக்கிற புருஷனாக இருந்திருந்தால் அவள் மனசாட்சி பிற்பாடு இந்தக் குடை குடைந்திருக்காது. அந்த வசதியும் அவளுக்கு வாய்க்கவில்லை.

சாதாரணக் காய்ச்சல் என்றுதான் படுத்தார். அது நெஞ்சில் இறங்கி, மூச்சு முட்டி, தொண்டையில் குழாய் போட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தும் அளவுக்குப் போய்விட்டது. உடம்பெல்லாம் நீர் கோத்து வீங்கியிருந்தது. டாக்டர் கையை விரித்தார். வெளியூரில் இருக்கிற மகளுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அப்போதுதான் அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபம் செய்தாள். "ஆண்டவரே, சீக்கிரம் முடிச்சிடும்." அவ்வளவுதான் ஜெபம். கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்கும் பாவமாகத்தான் இருந்திருக்கும், புருஷன் படுகிற வேதனையைப் பார்க்கப் பொறுக்காமல் கேட்கிறாள் என்று. பாதி அப்படித்தான்.

மறுபாதி வீட்டில் தெரிந்தது. குளிக்க வந்தவள் கையில் கிடைத்ததைச் சமைத்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டாள். வீடு அமைதியாக இருந்தது. கட்டிலில் குறுக்காகப் படுத்தாள், அடித்துப்போட்டது போலத் தூங்கினாள். விழித்தபோது உடம்பு லேசாக இருந்தது. புருஷன் சாகக் கிடக்கிறபோது ஒருத்திக்கு வரக்கூடாத தூக்கம் அது. அந்தத் தூக்கத்தை நினைத்துத்தான் அவள் பின்னால் ரொம்பவும் கூசினாள்.

எழுந்த கையோடு கடைத்தெருவுக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கினாள். வீங்கின உடம்பு, விறைத்த கை உள்ளே நுழைய வேண்டுமே என்று ஒரு சைஸ் பெரியதாகவே எடுத்தாள். சலவைக்கடைக்குக் கொண்டுபோய்க் காலரைத் தேய்த்தாள், கைகளைத் தேய்த்தாள், முன்பக்கம் இரண்டையும் கண்ணாடி போலத் தேய்த்தாள். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். படுத்திருக்கிறவருக்கு எதற்கு முதுகு?

கண்டக்டர் கண் திறந்தார்.

டாக்டர்களுக்கே ஆச்சரியம். குழாயை எடுத்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இந்த ஃபேனை யாரு இவ்வளவு வேகமா வச்சது?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அழுதார்கள். அவளும் அழுதாள். எதற்காக அழுதாள் என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

சபை அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. பாஸ்டர் சலவைக்கடைக்கே வந்துவிட்டார். "சிஸ்டர், உங்க விசுவாசம்தான் அவரை எழுப்பியிருக்கு. உயிர்த்தெழுதல் ஞாயிறு அன்னைக்கு நீங்க கண்டிப்பா எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லணும்" என்றார்.

"எனக்குப் பேச வராதுங்க பாஸ்டர்."

"நீங்க என்ன ஜெபம் பண்ணீங்களோ அதைச் சொன்னாப் போதும்மா."

இஸ்திரிப்பெட்டி கையிலேயே இருந்தது. துணி பொசுங்குகிற வாசனை வந்த பிறகுதான் தூக்கினாள். பாஸ்டர் போனதும் பக்கத்தில் பட்டன் தைக்கிறவள், "அக்காவுக்கு இப்பவே கூச்சத்தப் பாரு. நாங்கல்லாம் கேட்டா ஒரு பல்வலிகூடப் போறதில்ல. நீங்க ஆளையே திருப்பி வாங்கிட்டீங்க" என்றாள். இஸ்திரி அக்கா பேச்சை மாற்றிப் பார்த்தாள், நடக்கவில்லை. பாராட்ட ஆரம்பித்த வாய்கள் அவ்வளவு சுலபத்தில் மூடுவதில்லை.

வீட்டுக்கு வந்த கண்டக்டர் அதே கண்டக்டர்தான். சுடுதண்ணீர் சூடு அதிகம், தலையணை மேடு, ஜன்னல் பாதி திறந்திருப்பது திருடனுக்கு அழைப்பு. உயிர்த்தெழுதல் ஞாயிறுக்கு முந்தின பெரிய வாரத்தின் வியாழக்கிழமை, கோயிலுக்குப் போட நல்ல துணி தேடி அலமாரியைத் துழாவியவர் அந்த வெள்ளைச் சட்டையைக் கண்டெடுத்தார். அவளுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அவர் விலை அட்டையோடு அதைத் தூக்கிப் பார்த்தார், சைஸைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"டாக்டரே கைவிட்ட அப்பறமும் வருவேன்னு நம்பி வாங்கி வச்சிருக்கியே. அதுவும் ஒரு சைஸ் பெருசா, தேறிடுவேன்னு." கொஞ்சம் தயங்கினார். "ரொம்ப தாங்க்ஸ்."

இருபத்தாறு வருஷத்தில் முதல் தாங்க்ஸ். அதுவும் அவருக்கென்று எடுத்த பிணச்சட்டைக்கு. அவள் சமையலறைக்குள் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சட்டையைப் போட்டுப் பார்த்தார். தோள் இரண்டும் தொங்கின. கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்பினார். திரும்பினவர் நின்றார்.

"இந்தா, இங்க வா. முதுகுல என்ன இது?" கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் சுருக்கமில்லை. பின்பக்கத்தில் கடையில் மடித்துவைத்த கோடுகள் அப்படியே இருந்தன. "ஊர்க்காரன் சட்டைக்கெல்லாம் முதுகு தேய்ப்பே. புருஷன் சட்டைன்னா பாதியோட விட்டுருவியா?"

நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரம் திட்டுவார், காது கேட்டுப் பழகின திட்டு. ஆனால் அந்தத் தாங்க்ஸ் இரண்டு நாளாக அவள் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது.

"படுத்திருக்கிறவருக்கு முதுகு தெரியாதுங்க" என்றாள்.

"யாரு படுத்திருக்கிறவரு?"

"பெட்டியில."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். சட்டை வாங்கியதை, சைஸ் பெரியதாக எடுத்த காரணத்தை, ஜெபத்தை.

"நான் கஷ்டப்படறதப் பாக்க முடியாம கேட்டிருப்பே."

"பாதி அதுக்குங்க."

"மீதி?"

"எனக்காக."

கண்டக்டர் மடியில் இருந்த சட்டையின் மடிப்புக் கோட்டை விரலால் நீவினார். பிறகு, "டாக்டரே சொன்னப்ப நீ என்ன பண்ணுவே" என்றார். "ஆண்டவரோட கல்லறைக்குப் போன பொம்பளைங்க மட்டும், அவரு உயிரோட இருப்பாருன்னா போனாங்க? பொணத்துக்குப் பூசத்தானே தைலம் கொண்டுட்டுப் போனாங்க."

அவர் விட்டுக்கொடுத்துப் பேசி அவள் கேட்டதே இல்லை. திறந்துவிட்ட கதவு வழியாக நைசாக வெளியேறியிருக்கலாம். "அவங்க அழுதுட்டுப் போனாங்க" என்றாள். "நான் நல்லாத் தூங்கி எழுந்து போனேன்."

"அவ்வளவு நல்லாவா இருந்துச்சு, நான் இல்லாம?"

"ஆமா."

"நான் திரும்பி வந்தது?"

"அன்னைக்கு சந்தோஷமா இல்லங்க."

"இப்போ?"

அவளுக்கு ஆமாம் என்று சொல்லிவிட எவ்வளவு ஆசையாக இருந்தது! "தெரியலங்க" என்றாள்.

அவர் சட்டையை நீட்டினார். "முதுகையும் தேய்ச்சுக் குடு. நாளைக்குப் போடணும்."

"இதையா?"

"வேற உருப்படியான சட்டை எங்க இருக்கு?"

"நான் சாட்சி சொல்லல. பாஸ்டர்கிட்ட சொல்லிடறேன்."

"பேர் குடுத்தாச்சுல்ல. போய் நடந்ததைச் சொல்லு."

"உங்க மானம் என்னாவறது?"

"பெட்டி வரைக்கும் போய்ட்டு வந்தவனுக்கு என்ன மானம்." சொன்னாரே தவிர, அன்று சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குறை ஒன்றும் சொல்லாமல் அவர் படுத்தது அதுதான் முதல் தடவை. அந்த மௌனத்துக்காக அவள் எத்தனையோ வருஷம் ஏங்கியிருந்தாள். கிடைத்தபோது அது அவளைப் பிடுங்கித் தின்றது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. பாஸ்டர் அவளை முன்னால் கூப்பிட்டு, ஜெபத்தால் புருஷனை மரணத்திலிருந்து மீட்ட சகோதரி என்று அறிமுகம் வேறு செய்தார். அவள் மைக்கைப் பிடித்தாள்.

"இவரு பொழைக்கணும்னு நான் ஜெபம் பண்ணல" என்றாள். "முடிஞ்சிடட்டும்னுதான் கேட்டேன். பெட்டியில போடச் சட்டையும் வாங்கிட்டேன். அதைத்தான் இப்பப் போட்டுட்டு உக்காந்திருக்காரு."

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு எழுந்தது. பட்டன் தைக்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பாஸ்டர் இருமினார், பாட்டுக்காரர்கள் பக்கம் கையைத் தூக்கினார். ஆண்கள் வரிசையிலிருந்து கண்டக்டர், "அவ முடிக்கட்டும் பாஸ்டர்" என்றார்.

"என் விசுவாசத்தால எதுவும் நடக்கல. எங்கிட்ட அது இல்லாதப்பதான் ஆண்டவர் இவரைத் திருப்பிக் குடுத்தாரு. குடுத்தும் எனக்கு சந்தோஷம் வரல. இப்போ சந்தோஷமான்னு நேத்து கேட்டாரு. தெரியலன்னு சொல்லி மனுஷனைப் பட்டினி போட்டுட்டேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இன்னைக்குக் காலைல வீட்டுப் படியில அவருக்குக் கால் இடறுச்சு. ஓடிப்போய்ப் பிடிச்சேன். பிடிச்சு நிறுத்தின அப்பறமும் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஐயோ, இவருக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்னு ஒரு பயம். ஆஸ்பத்திரியில வராத பயம். கல்யாணமான புதுசுல அவரு வீட்டுக்கு வர லேட்டானா வருமே, அந்தப் பயம். அது எங்கிட்ட எப்போ செத்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்குப் பாத்தா உயிரோட இருக்கு. அவ்வளவுதான் என் சாட்சி."

மைக்கைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாட்சியை முடிக்கும்போது எல்லோரும் சொல்கிற ஸ்தோத்திரத்தைக்கூடச் சொல்ல மறந்துவிட்டாள்.