பொறியண்ணன் அடைக்காத கதவு

வெல்டிங் பட்டறைக்காரருக்குப் பொறியண்ணன் என்று யார் பெயர் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்தார்கள். இருபது வருடமாகத் தெறித்த பொறியில் அவர் சட்டையெல்லாம் ஓட்டை. துவைத்துக் காயப்போட்டால், சல்லடை என்று நினைத்துப் பக்கத்து வீட்டில் மாவு சலிக்கக் கேட்பார்கள்.

புதுக் காய்ச்சல் வந்த முதல் வாரம் ஊரே முகமூடிக்கு நாயாய் அலைந்தது. பொறியண்ணன் மட்டும் வெல்டிங் கவசத்தை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார். பால்காரர் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு ஓடிய ஓட்டத்துக்கு மெடலே கொடுக்கலாம்.

அந்த வாரம்தான் கடைசி வீட்டு அக்காவுக்குக் காய்ச்சல் உறுதியானது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவர். சுகாதார ஆட்கள் வந்து, பதினாலு நாள் வெளியே வரக்கூடாது என்று சொல்லிப் போனார்கள். அக்காவும் பத்து வயது மகளும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். தெருவுக்குத்தான் மனசு ஆறவில்லை. சிமெண்ட் கடை வைத்திருக்கும் தெருச் சங்கத் தலைவர் ஆளுயரத் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் சாத்தினார்.

"அந்த வீட்டு இரும்புக் கதவு மேல இதை வச்சுப் பத்தவச்சிரு."

"உள்ள ஆள் இருக்காங்களே தலைவரே."

"ஆள் இருக்கறதாலதான்பா அடைக்கச் சொல்றேன். காலி வீட்டையா அடைப்பாங்க?"

"தீ கீ பிடிச்சா?"

"பதினாலு நாள்ல எங்க தீப்பிடிக்கப் போகுது! நாளைக்குக் காலைல முடிச்சிடு. இல்லேன்னா இந்தத் தெருவுல ஆணி அடிக்கற வேலைகூட உனக்குக் கிடையாது."

பொறியண்ணன் விஷயத்தை வீட்டில் சொன்னார். மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"போங்க, அடைங்க. அந்தப் புள்ளைய உள்ள வச்சு அடைச்சிட்டு வந்தீங்கன்னா, நம்ம வீட்டுக் கதவும் உங்களுக்குத் திறக்காது."

"வேலை போயிடும்டி."

"போகட்டும். நீங்க என்ன கலெக்டர் வேலையா பாக்கறீங்க?"

மறுநாள் காலை தெரு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு கடைசி வீட்டு எதிரே கூடிவிட்டது. பொறியண்ணன் தகரத்தையும் மெஷின்களையும் இறக்கினார், ஒயரைப் பிரித்தார், சுற்றிலும் பார்த்தார்.

"கரண்ட் வேணும். யார் வீட்ல எடுக்கறது?"

ஒவ்வொருவரும் அடுத்தவர் வீட்டைப் பார்த்தார்கள்.

"எங்க மீட்டர் தாங்காதுப்பா" என்றார் மாடி வீட்டுக்காரர்.

"எங்க ப்ளக் லூஸா இருக்கு" என்றது பக்கத்து வீடு.

"தலைவரே, உங்க வீடு?"

"அது தெருவோட அந்தக் கோடியில இல்ல இருக்கு?"

"ஒயர் இருக்கு. இங்கேர்ந்து சந்திரனுக்கே இழுக்கலாம்."

தலைவர் வானத்தைப் பார்த்தார். கதவை அடைத்தது யார் வீட்டுக் கரண்ட் என்று நாளைக்குப் பேச்சு வருமே!

"அடைக்கச் சொல்ல இத்தனை வாய் இருக்கு. ஒரு ப்ளக் பாயிண்ட் இல்லையா?" என்றார் பொறியண்ணன்.

அப்போது ஜன்னல் திறந்தது. கண்ணெல்லாம் சிவந்து அக்கா நின்றார்.

"தம்பி, ஒயரை இங்க குடு. என்னை அடைக்க நானே கரண்ட் தர்றேன். தெரு நல்லா இருக்கட்டும்."

கம்பி வழியாகக் கை நீண்டது. தெரு ஒரே தாவலாகப் பின்னால் தாவியது. பொறியண்ணன் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நேரே போய் ப்ளக்கைக் கொடுத்தார். அக்கா உள்ளே மாட்டினார்.

பொறியண்ணன் கட்டிங் மெஷினைப் போட்டுத் தகரத்தை வெட்டத் தொடங்கினார்.

"ஏம்பா, ஏன் வெட்டற?"

"அளவு சரி பண்றேன் தலைவரே."

கதவளவு தகரம் மேஜையளவானது, மேஜையளவு தட்டளவானது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் ஜன்னலுக்குப் போனார்.

"கதவு அந்தப் பக்கம்!"

"கண்ணு போயிடும், எல்லாரும் திரும்பிக்கோங்க!"

வேடிக்கை பார்க்க வந்த தெரு முதுகைக் காட்டி நின்றது. திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் கம்பிக்குக் கீழே தட்டு ஒன்று ஜம்மென்று நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னய்யா இது?"

"சாப்பாடு வைக்க. அக்கா வெளிய வரக்கூடாதுன்னா, சோறாவது உள்ள போகணும்ல?"

"சங்கத்துத் தகரம்யா அது!"

"மிச்சம் அதோ கிடக்கு. அக்கா தொட்ட ஒயரைத் தொட்ட கையாலதான் வெட்டினேன். வாங்க, எடுத்துட்டுப் போங்க."

தலைவர் ஓரடி முன்னால் வைத்து, நாலடி பின்னால் போனார்.

"இனிமே இந்தத் தெருவுல உனக்கு வேலை கிடையாது! இன்னிக்கே சங்கத்தைக் கூட்டறேன்!"

"கூட்டுங்க, நானும் வர்றேன். உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன்."

மாடி வீட்டுக்காரர் பொத்திய வாய்க்குள் சிரித்தது எல்லோருக்கும் கேட்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு பொறியண்ணன் மனைவி வந்தாள். சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தட்டில் வைத்தாள், தலைவரை ஒரு பார்வை பார்த்தாள், போய்விட்டாள். உள்ளேயிருந்து சின்னக் கை ஒன்று பொட்டலத்தை இழுத்துக்கொண்டது.

"தம்பி, ப்ளக்கைக் கழட்டிடவா?" என்றார் அக்கா.

"இரு அக்கா, அவசரப்படாத. உன் கதவுக் கீல் தொங்கிப் போச்சு. பதினஞ்சாம் நாள் நீ திறக்கறப்ப சிக்கப்போகுது. அதையும் பத்தவச்சிட்டுப் போறேன்."

கவசத்தை இறக்கிக்கொண்டு, கதவுப் பக்கம் போய் உட்கார்ந்தார்.