சலூன் பேப்பரில் வெட்டிய பந்துவீச்சாளர்

திருப்பதியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மொட்டைத் தலை கண்ணில் படாது. பஸ்ஸில், ஓட்டலில், எங்கள் லேபில் ரத்தம் எடுக்க வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில், எங்கே திரும்பினாலும் சந்தனம் பூசிய தலைதான். வந்த புதிதில் பார்ப்போம். அப்புறம் அதுபாட்டுக்கு அது, நம்பாட்டுக்கு நாம். சித்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலையைப் பதினெட்டு வருஷமாகச் செய்கிறேன். அந்த வியாதி எனக்கு எவ்வளவு முற்றியிருந்தது என்பது போன மாதம்தான் தெரிந்தது.

என்னிடம் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கிறது. அது முழுக்க ஒரே ஆளின் படங்கள். ஒரு வேகப்பந்து வீச்சாளர். இன்றைக்குப் பெயரைச் சொன்னால் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூட நினைவு வராது. இந்திய அணிக்கு வந்தார், சில ஆட்டங்கள் ஆடினார், முழங்கால் போனது, ஆளும் காணாமல் போனார். அதற்கெல்லாம் முன்னால், யாருக்குமே அவரைத் தெரியாத காலத்தில், சித்தூரில் ஒரு ஆட்டம் ஆட வந்தார். எனக்குப் பதினோரு வயது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவர்தான் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். அந்தப் பவுலருக்குத் தோள்வரை முடி. ஓடி வரும்போது அது எழும்பிப் பறக்கும். பந்து கையை விட்டதும் முடி முகத்தில் வந்து விழும். அன்றைக்கு நான் பந்தை எங்கே பார்த்தேன்? முடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. தெருமுனை சலூனில் தமிழும் தெலுங்குமாக இரண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பழசைக் கேட்டு வாங்கி வருவேன். பொட்டைப்பிள்ளைக்கு சலூனில் என்ன வேலை என்று தெருவே கேட்டது, நைனா கேட்கவில்லை. மைதா பசை காய்ச்சி நோட்டில் ஒட்டுவேன். பேப்பரில் ஒட்டி வந்த ஊரார் முடி ஒன்றிரண்டு படங்களுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. இப்போது விரலால் தடவினாலும் தட்டுப்படும். பபிள்கம் வாங்கினால் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை கிடைக்கும். பெரிய பேட்ஸ்மேன்கள் மூன்று பேரைக் கொடுத்து இவர் ஒருவரை வாங்கினேன். வகுப்பே என்னைப் பார்த்துச் சிரித்தது.

உண்மையைச் சொன்னால் அந்த ஆசையெல்லாம் எப்போதோ வடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது பழக்கம் மட்டும்தான். கல்யாணமாகிப் போனபோது நோட்டும் வந்தது. நாலு வாடகை வீடு மாறினோம், நாலிலும் அதற்கு ஒரு இடம் பார்த்தேன். ஒரு மழைக்காலத்தில் கரையான் ஏறி, பக்கம் பக்கமாகப் பிரித்து வெயிலில் போட்டேன். அதற்கே ஒரு லீவு போனது. பழைய பேப்பர்காரனுக்குப் போடக் கூடாதா என்று என் கணவர் கேட்டால் சண்டை போடுவேன். அப்புறம் சண்டை போடவும் சலிப்பாகிவிட்டது. ஒரே ஒரு கையெழுத்து கிடைத்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் செய்தது கிறுக்குத்தனம் இல்லை என்று ஆகிவிடும், நோட்டை மூடிப் பரணில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

லேபில் என்னோடு வேலை செய்யும் பெண்ணின் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறார். போன மாதம் ஒரு நாள் அவரே போன் செய்தார். அக்கா, நீங்க சொல்வீங்களே அந்த பவுலரு, நாளைக்கி மலைக்கு என் கார்லதான் வர்றாரு என்றார். தரிசனம் முடிந்து வெளியே வந்தால் இந்த வழியாகத்தான் கார் நிற்கும் இடத்துக்கு வர வேண்டும் என்று வழியும் சொன்னார்.

லீவு போட்டேன். சித்தூரில் விடியற்காலை பஸ், திருப்பதியில் இறங்கி மலைக்கு இன்னொரு பஸ். மலைப்பாதை வளைவுகளில் எனக்கு எப்போதும் குமட்டும், அன்றும் குமட்டியது. கோயிலை விட்டு வருகிறவர்கள் போகும் வழியில், கடைகளுக்குப் பக்கத்தில் ஒரு கல்படியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. தலைதலையாகக் கடந்து போனார்கள். நான் முடியைத் தேடிக்கொண்டிருந்தேன். நரைத்திருக்கும், கொஞ்சம் கொட்டியிருக்கும் என்பதுவரை யோசித்து வைத்திருந்தேன்.

வேட்டி கட்டிய ஒருவர் மெதுவாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். புது மொட்டை, சந்தனம் இன்னும் காயவில்லை. இடது முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மெட்ராஸ் தமிழில் கேட்டார். என் பாட்டிலை நீட்டினேன். மூட்டுவலிக்காரர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் நான், அதனால் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. குடித்துவிட்டு, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்றார். ஒரு பவுலருக்காக என்று சொல்லி, நோட்டைக் காட்டினேன்.

அவர் முதல் பக்கத்திலிருந்து ஒன்றொன்றாகத் திருப்பினார். அவசரமே இல்லை. எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது, இவருக்குப் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர் கடந்து போய்விட்டால் என்ன செய்வது என்று.

"இவ்ளோ கூட்டத்துல அவரை அடையாளம் தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"முப்பத்தஞ்சு வருஷமா பாத்துக்கினு இருக்கேங்க. தெரியாமலா பூடும்?" என்றேன்.

அவர் மறுபடியும் பக்கம் திருப்பினார். சித்தூர் ஆட்டத்துப் படம் வந்ததும் நிறுத்தினார். உள்ளூர்த் தெலுங்கு வாரப்பத்திரிகையில் வந்தது அது. பெஞ்சில் உட்கார்ந்து பவுலர் ஷூ கயிறு கட்டுவார், பின்னால் ஒரு பெரியவர் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தப் பெரியவர்மேல் விரலை வைத்து, யார் இது என்று கேட்டார். அவரோட நைனாவாம், கீழே போட்டிருக்கு என்றேன். அவர் விரலை அங்கிருந்து எடுக்கவில்லை.

"போனை கார்லயே வெச்சுட்டேன், இல்லன்னா படம் எடுத்துப்பேன்" என்றார். அப்புறம் தயங்கி, "இந்த ஒண்ணை மட்டும் எனக்குத் தருவீங்களா?"

இத்தனை வருஷம் காப்பாற்றியதை, வழியில் பார்த்த யாரோ ஒருவர் கேட்கிறார். "அதெல்லாம் தர்றதுக்கில்லீங்க" என்று நோட்டை வாங்கி மூடிவிட்டேன். குரல் கடுகடுவென்றுதான் வந்திருக்கும். என் பையில் போன் இருந்தது. நானே ஒரு படம் எடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, தண்ணீருக்கு நன்றி சொல்லி, முழங்காலில் கை ஊன்றி எழுந்து போனார்.

அரைமணி கழித்து டிரைவர் போனில் பேசினார். "பாத்தீங்களாக்கா? மொட்டை அடிச்சிக்கினு வந்துட்டாரு, எனக்கே மொதல்ல அடையாளம் தெரில. உங்ககூடத்தானே உக்காந்துகினு இருந்தாரு? டீ வாங்க வந்தப்போ பாத்தேன். சரி, பேசிக்கினு இருக்கீங்களேன்னு அப்படியே திரும்பிட்டேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. கீழே இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவர் என்று முதலில் கோபம் வந்தது. என்னவென்று சொல்வார் பாவம், நான் போட்ட போட்டில்? முப்பத்தைந்து வருஷமாக நான் சேர்த்து வைத்தது ஒரு தலைமுடியை. அவர் கேட்டது தன் அப்பாவை.

மறுநாள் லேபுக்குப் போனதும் டிரைவருக்குப் போன் செய்து பவுலரின் நம்பரை வாங்கினேன். அன்று சாயந்திரம் வீட்டில் பிளேடு எடுத்து அந்தப் படத்தை ஓரம் கிழியாமல் பிரித்தேன். பழைய பசை பொடியாக உதிர்ந்தது, கூடவே யாருடையதோ ஒரு முடியும். ஆஸ்பத்திரி ரிப்போர்ட் கவர் ஒன்றில் படத்தை வைத்தேன். கையெழுத்துக் கேட்கும் எண்ணம் போயே போய்விட்டது.

செய்தி அனுப்பத்தான் மூன்று நாள் ஆனது. முதல் வரி வரவில்லை. சித்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒருவழியாக அடித்தேன். உங்கள் ரசிகை என்று தொடங்கியதை அழித்தேன். மறுபடியும் அடித்து, மறுபடியும் அழித்தேன். கடைசியில் இப்படி அனுப்பினேன்: மலையில் உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவள் நான். உங்கள் நைனா படத்தை அனுப்ப வேண்டும், விலாசம் சொல்லுங்கள்.