டூட்டி கேட்ட பார்சல்

அந்தப் பார்சலை நைனா கையால் தொடவே இல்லை. வாசலில் தபால்காரர் நீட்டிக்கொண்டு நின்றார். நைனா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பழுப்புத் தாள், ஏதோ நாட்டு முத்திரைகள், ஒரு மூலையில் யாரோ பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டிய டேப். அவர் கண் அந்த டேப்பில்தான் நின்றது. செஞ்சியில் கடலைக்காய் மண்டி வைத்து ஆயுசைக் கழித்தவர் என் அப்பா. மூட்டையின் வாயில் இருக்கும் கடலையை ஒருநாளும் நம்பமாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை அள்ளிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். வல்லத்திலிருந்து சொந்தத் தம்பி கொண்டுவரும் மூட்டைக்கும் அதே மரியாதைதான். நைனா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் யாராவது எதையாவது சும்மா தருகிறேன் என்றால் எனக்கு முழங்கை அரிக்கிறது.

பார்சல் எனக்கு வந்தது. கடல் தாண்டி ஓர் ஊரில், கணவனும் மனைவியுமாக வீட்டிலேயே நடத்தும் சின்னப் பதிப்பகம் ஒன்று. எப்போதோ நம் பக்கம் சுற்றித் திரிந்த ஒருவர் எடுத்த படங்களைப் புத்தகமாகப் போட்டிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டக் கோட்டைப் படம் தேடியபோது அவர்களுடைய இணையதளம் கண்ணில் பட்டது. அங்கே நகத்தளவு இருந்த படம் ஒன்றில், காயப்போட்ட கடலைக்கு நடுவே ஒரு பெண். அம்மாவைப் போல இருந்தது. பெரிதாக்கினால் முகம் கலைந்துபோனது. அம்மா இறந்தபோது மாலை போட எங்களிடம் இருந்தது வாக்காளர் அட்டைப் படம் மட்டும்தான்; அதில் யாரோ மிரட்டி உட்கார வைத்த மாதிரி இருப்பாள். அதனால் யோசிக்காமல் பணத்தை அனுப்பிவிட்டேன். நைனாவிடம் சொல்லவில்லை. ஆசை காட்டி, கடைசியில் அது அவள் இல்லையென்றால் அந்த மனிதர் உடைந்துபோவார் என்று பயந்தேன்.

பணம் அனுப்பிய நாளிலிருந்து எனக்கே நிம்மதி இல்லை. அப்படியொரு பதிப்பகம் இருக்கிறதா, இல்லை வெறும் போலி இணையப் பக்கமா? ‘உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, பணம் கட்டவும்’ என்று செல்போனில் செய்தி வந்ததும் அழித்துவிட்டேன். இதே மாதிரி ஒரு செய்தியை அழுத்தித்தான் எங்கள் பள்ளிக் கணக்கு டீச்சர் வங்கியில் இருந்ததை எல்லாம் பறிகொடுத்திருந்தார். நைனாவின் பெண்தானே நான். செய்தியை அழித்த பிறகு தூக்கம் வந்தது.

ஆனால் பார்சல் வந்தேவிட்டது. “டூட்டி கட்டணும் பெரியவரே. கட்டினாதான் குடுக்க முடியும்” என்றார் தபால்காரர். எங்கள் ஊரில் டூட்டி என்றால் வேலை. கண்டக்டர் டூட்டிக்குப் போவார், நர்ஸ் டூட்டி முடிந்து வருவார். சுங்க வரிக்கும் அதே பெயர் என்று நைனாவுக்கு யார் சொன்னார்கள்?

“டூட்டி பாக்கறதுக்குத்தான கவர்மெண்ட்டு உனுக்குச் சம்பளம் குடுக்குது? அதுக்கு எம்பொண்ணு எதுக்குய்யா குடுக்கணும்?”

“நான் எனக்கா கேக்கறேன்?”

“அப்ப யாருக்குக் கேக்கற? ஆபீசருக்கா?”

அடுப்படியிலிருந்து நான் ஓடி வருவதற்குள் தபால்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வேண்டுமென்றால் தபால் ஆபீசுக்கு வாங்க, வராவிட்டால் அனுப்பினவங்களுக்கே திரும்பிப் போயிடும் என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. அதில் அம்மா இருக்கிறாளோ இல்லையோ, பார்க்காமலே திரும்பிப் போவதை நினைக்கவே முடியவில்லை. உடனே செருப்பை மாட்டினேன். நைனாவும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் ஏமாறுவதை நேரில் பார்க்க வேண்டுமாம்.

கவுண்டரில் இருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினார். இது வெளிநாட்டுச் சரக்குக்கு அரசாங்கம் போடும் வரி. புத்தக விலையோடு அனுப்பிய தபால் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். பார்சலைக் கையாண்டதற்குத் தனியாக ஒரு கட்டணம். நைனா சிலிர்த்துக்கொண்டார். “தபால் கூலிக்குமா வரி? மண்டியில சாக்கு எடையக் கழிச்சிட்டுத்தாம்மா கடலைக்கு வெல போடுவோம். சாக்குக்கு எவன் காசு குடுப்பான்?” அந்தப் பெண்மணி என்னைப் பார்த்தார். எனக்கும் எரிச்சல்தான். பதிப்பகத்தார் இதைப் பற்றி மூச்சே விடவில்லை. தங்களுக்கே தெரியாது என்று பிறகு மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். அதையும் நான் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் அன்றைக்குக் கவுண்டரில் கேட்டதைக் கட்டினேன்.

“இங்கயே பிரி பாப்பா. வூட்டுக்குப் போயி உள்ள செங்கல்லு இருந்தா யாரைப் போயி கேப்ப?”

அங்கேயே பிரித்தேன். கோட்டை, ஏரி, மேல்மலையனூர்க் கோயில் கூட்டம் எல்லாம் புரண்டன. அப்புறம் ஒரு பக்கம் முழுக்க அம்மா. கையில் முறம், பின்னால் எங்கள் மண்டிக் கதவு. தலையைச் சாய்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. புத்தகத்தை நைனாவிடம் நீட்டினேன்.

இந்த முறை வாங்கிக்கொண்டார். கண்ணருகே வைத்துப் பார்த்தார். கட்டைவிரலால் படத்தின் ஓரத்தைத் தேய்த்தார். ஒட்டியதா என்று பார்த்தாரோ என்னவோ.

“அவதான்” என்றார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். “ஒரு வெள்ளக்காரன் வந்து போட்டோ எடுக்கட்டுமான்னு கைய காட்டினான். வாணாம்னுட்டேன். இப்ப சும்மா எடுப்பான், பின்னால வந்து காசு கேப்பான்டின்னு கத்தினேன். அதுக்குத்தான் இந்தச் சிரிப்பு சிரிச்சா.”

கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை. வரிசையில் எங்கள் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தவும் இல்லை. நைனா என்னை மறந்துவிட்டார். படத்தைப் பார்த்து, மண்டியில் பேசும் அதே குரலில் சொன்னார்:

“நான் சொல்லல? கேட்டுட்டான் பாத்தியாடி.”