தண்ணி குடிக்காம முழுங்கின இசப்கோல்

டம்ளர்ல ஸ்பூன் விட்டு கலக்குற சத்தம்... டிங் டிங் டிங்.

மலச்சிக்கலுக்கு குடிக்கிற இசப்கோல் பவுடர கலக்கி இருக்கீங்களா? கொஞ்சம் அசந்தா போதும், டம்ளருக்குள்ளயே கொழகொழன்னு ஆகிடும். ருசின்னு ஒண்ணும் இருக்காது. ஆனா தொண்டைல இறங்கும்போது ஏதோ உசுரோட இருக்குறது இறங்குற மாதிரி... உவ்வே!

நாகரசம்பட்டில இருந்து ஓசூர் வந்து, சிப்காட்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில ட்ரெயினியா சேந்த புதுசு. ஒரே ரூம்ல மூணு பேரு. நான், தளி ஊர்க்காரி மஞ்சுளா, திருநெல்வேலி ஜெபா. மூணு பேருக்கும் ஒரே லைன். மஞ்சு வீட்ல கன்னடம், எங்ககிட்ட தமிழ், பதறிட்டா மட்டும் கன்னடம் தான் மொதல்ல வரும்.

எங்க லைன்ல கன்வேயர் நிக்கவே கூடாது. பாத்ரூம் போகணும்னா தலைக்கு மேல இருக்குற மஞ்ச லைட்ட போடணும். லைன் லீடர் ரமேஷ் சார் வருவாரு. மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. "என்னம்மா, மெட்டீரியல் தீந்துருச்சா?"ன்னு அவர் கத்துவாரு. "இல்ல சார், பாத்ரூம்!"னு நாம கத்தணும். லைனே திரும்பிப் பாக்கும். அப்புறம் நம்ம எடத்துல உக்கார ரிலீவர் வந்தா தான் எழுந்திரிக்க முடியும்.

இந்த மானக்கேடே வேணாம்னு நான் தண்ணி குடிக்கறதையே விட்டுட்டேன்.

வேலைய கன்ஃபர்ம் பண்ற நேரம் வேற. அடிக்கடி எழுந்து போற பொண்ணுன்னு பேரு வாங்கிட்டா அனுப்பிடுவாங்களோன்னு பயம். அந்த வேலைய நம்பித்தான் தங்கச்சிய காலேஜ்ல சேத்திருந்தோம்.

அப்புறம் என்ன... வயிறு கல்லு. நாள்கணக்குல ஒண்ணும் நகரல.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மெடிக்கல்ல, கூட்டம் கலையிற வரைக்கும் சும்மா ஷாம்பூ பாக்குற மாதிரி நின்னுட்டு, மெதுவா சொன்னேன். இசப்கோல் பாக்கெட் எடுத்து குடுத்தாரு. "நெறைய தண்ணி குடிக்கணும்மா"ன்னாரு. மண்டைய மண்டைய ஆட்டிட்டு வந்து, அரை டம்ளர் தண்ணில கலக்கி முழுங்கினேன். ஷிஃப்ட்ல வாயே நனைக்கல.

அய்யோ, கேக்காதீங்க! இருந்தத விட மோசம். வயிறு கும்முனு உப்பிடுச்சு. மருந்து பத்தல போலன்னு மறுநாள் ஒரு ஸ்பூன் சேத்துப் போட்டேன். என் அறிவ என்னன்னு சொல்ல...

ஞாயித்துக்கெழம கட்டில்ல சுருண்டு கெடந்தேன். "ஏனாய்த்தே? ஹொட்டே நோவா?"ன்னு மஞ்சு ஓடி வந்து வயித்த தொட்டுப் பாத்தா. ஜெபா அந்த பாக்கெட்ட எடுத்து பின்னாடி இருந்தத சத்தமா படிச்சா. தண்ணி போதலன்னா அடைச்சுக்கும்னு தெளிவா போட்டிருந்துச்சு.

"ஏட்டி, தண்ணி குடிக்காமலயா இத முழுங்கின? உள்ள களி கிண்டி வச்சிருக்கியா?"

வலிலயும் சிரிப்பு வந்துடுச்சு. "நீ மட்டும் ஷிஃப்ட்ல தண்ணி குடிக்கிறியாக்கும்?"னு கேட்டேன்.

ஜெபா பாக்கெட்ட கீழ வெச்சா.

மெதுவா போய் அவ பெட்டில இருந்து ஓம வாட்டர் பாட்டில எடுத்து வெச்சா. மஞ்சு தலகாணி உறைக்குள்ள இருந்து நெஞ்செரிச்சலுக்கு சப்புற பிங்க் மாத்திரை, அட்டை அட்டையா. மூணு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாம வயித்துக்கு வைத்தியம் பாத்துட்டு இருந்திருக்கோம்... ஒரே ரூம்ல!

திங்கக்கெழம முடிவு பண்ணிட்டேன். வேலை போனா போகட்டும், இந்த வலி இனிமே ஆகாது. கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு சொம்பு தண்ணி. கேன்டீன்ல மறுபடியும். டீ பிரேக் முடிஞ்ச கொஞ்ச நேரத்துலயே முட்டிக்கிச்சு. லைட்ட போட்டேன். ரமேஷ் சார் வந்தாரு.

"மெட்டீரியலாம்மா?"

"இல்ல சார், பாத்ரூம்!"

"இப்ப தானம்மா பிரேக் விட்டோம்?"

எங்கிருந்து தான் வந்துச்சோ... "வயிறு போகாம செத்துட்டு இருக்கேன் சார்! மருந்து சாப்ட்டா தண்ணி குடிக்கணும், தண்ணி குடிச்சா போய்த்தான் ஆகணும்!"

மொத்த லைனும் கேட்டுச்சு. மஞ்சு தலைய குனிஞ்சுக்கிட்டா. ரமேஷ் சார் கைய காட்டி ரிலீவர கூப்பிட்டாரு. அவ்வளவு தான்.

ரெண்டு மூணு நாள்ல வயிறு வழிக்கு வந்துச்சு. அன்னைக்கு காலைல எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே... அப்புறம் கன்ஃபர்மேஷன் வந்தப்ப கூட அவ்வளவு வரல, சத்தியமா!

அதுக்கப்புறம் ஒரு நாள், ரமேஷ் சார் என் சீட்டுகிட்ட வந்து, சர்க்யூட் போர்ட செக் பண்ற மாதிரி குனிஞ்சாரு.

"அந்த மருந்து பேரு என்னம்மா?"

"எந்த மருந்து சார்?"

"அதான்... வயித்துக்குன்னு அன்னைக்கு சொன்னியே."

சொன்னேன். "ஆனா நெறைய தண்ணி குடிக்கணும் சார்"னும் சொன்னேன்.

லைன இந்தக் கோடில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தடவ பாத்தாரு. "உங்களுக்காச்சும் ரிலீவர் இருக்காங்க. எனக்கு யாரும்மா இருக்கா?"

எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாங்க எல்லாம் யாரப் பாத்து பயந்து அடக்கிட்டு உக்காந்திருந்தோமோ, அந்த மனுஷனும் அடக்கிட்டு தான் நின்னிருக்காரு. "போய்ட்டு வாங்க சார், கொஞ்ச நேரம் நாங்க பாத்துக்கறோம்"னேன். சிரிச்சாரு. ஆனா போகல.

இப்ப வேற கம்பெனில ஸ்டோர்ஸ்ல இருக்கேன், கம்ப்யூட்டர் முன்னாடி. தண்ணி கேன் எட்டி எடுக்குற தூரம். எழுந்து போனா ஏன்னு கேக்க ஆளில்ல. போன்ல ஒரு ஆப் வேற, "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க"ன்னு உயிர வாங்குது. மஞ்சு பெங்களூர்ல, ஜெபா அவ ஊர்ல. வயித்துல என்னன்னாலும் குரூப்ல வெக்கமில்லாம போட்டுடறோம். ஆனா அன்னைக்கு அந்த ரூம்ல சிரிச்ச மாதிரி இப்ப சிரிக்க வரல.

ரமேஷ் சார் அந்த கம்பெனிய விட்டு எப்பவோ போய்ட்டாராம். எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியல. எங்க இருந்தாலும் சரி... நெனச்சா எழுந்து போய்ட்டு வர்ற மாதிரி ஒரு வேலைல, வயிறு நெறைய தண்ணி குடிச்சிட்டு நல்லா இருக்கட்டும்.