கத்தரிப்பூ நிறச் சேலை

பரிபூரணத்துக்குத் திருவிழா என்றாலே வயிற்றைக் கலக்கும். அப்படிப்பட்டவளிடம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பெண்கள் முதியோர் இல்லத்தில் பண்டிகை கொண்டாடும் பொறுப்பு இருந்தது. இல்லத்தின் செயலாளர் சோலைராஜ், ஜவுளிக்கடைக்காரர், எதற்கும் பதறாத மனுஷர். "மேட்ரன்னா சோறு போட்டு மாத்திரை குடுத்தா மட்டும் போதாதும்மா. நல்லநாள் பொழுதுல நாலு பேரு சிரிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். தூக்கம் கெடுவது இவளுக்கு.

அவள் நடத்திய பண்டிகைகளைக் கேளுங்கள். பொங்கலுக்குக் கரும்பு வாங்கினாள். கடித்தால் பல் போகும் என்று சாறு பிழிந்தாள். சாறு குடித்தால் சர்க்கரை ஏறும் என்று பாதிப் பேருக்கு மோர் கொடுத்தாள். தீபாவளிக்கு மத்தாப்பு மட்டும்தான். அதையும் சமையல்காரி கருத்தம்மா கையில் பிடித்துக்கொள்ள, பெரியவர்கள் தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டும். கிறிஸ்மஸுக்கு நாற்காலி விளையாட்டு வைத்தாள். பாட்டு நின்றதும் யாரும் ஓடக்கூடாது, உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கவும் வேண்டாம் என்றாள். "அப்படின்னா இதுல என்னட்டி விளையாட்டு?" என்று கேட்ட சுந்தரம்மாள் பாட்டிக்கு ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கிடைத்தது.

சிரிக்கலாம். ஆனால் அவள் சும்மா பயப்படவில்லை. புருஷன் பொன்னுராஜ் ராணுவத்தில் இருந்தான். எண்பத்தொன்றில் கிறிஸ்மஸ் லீவுக்கு ராஜபாளையம் வந்தவன், பண்டிகைக்கு மறுநாள் கூட்டாளிகளோடு அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கக் கிளம்பினான். "செத்த நேரத்துல வாரேன்" என்றான். ஊரில் நல்ல வெயில். மலைக்கு மேலே பெய்த மழை வெள்ளமாக இறங்கி வரும் என்று யாருக்குத் தெரியும்? எல்லையில் சண்டைக்கு நின்றவனுக்கு வராத சாவு, சந்தோஷமாகக் குளிக்கப் போன இடத்தில் வந்தது. அன்றிலிருந்து யாராவது சந்தோஷமாக வாசலைத் தாண்டினால் திரும்பி வரும்வரை அவளுக்கு இருப்பு கொள்ளாது. பிள்ளைகள் இல்லை. பேண்டேஜ் கம்பெனியில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, இந்த இல்லத்துக்கு வந்து சேர்ந்தாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆடிப்பூரம் நெருங்கியபோது சுந்தரம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி பரிபூரணம், நீ எங்களைக் காப்பாத்துறியா, இல்ல பூட்டி வச்சிருக்கியா? உள்ளூர்ல தேரு ஓடுது. வருசா வருசம் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டுக் கெடக்கோம்."

சோலைராஜ் உடனே வேன் பேசிவிட்டார். இனித் தப்ப வழியில்லை. பரிபூரணம் திட்டம் போட்டாள். நடக்க முடிந்தவர்கள் மட்டும் போவது, ஒருத்தர் கையை ஒருத்தர் விடக்கூடாது, அவளும் கருத்தம்மாவும் முன்னும் பின்னும் நிற்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை. கூட்டத்தில் யார் விலகினாலும் சட்டென்று கண்ணில் படுமே! சோலைராஜிடம் கேட்டாள். ராஜபாளையத்து மில் ஒன்றுக்குத் தன் கடையிலிருந்து மொத்தமாகக் கொடுத்ததில் மிச்சம் கிடப்பதாகச் சொல்லி, கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கரை போட்ட சேலைகளை அனுப்பினார். மிச்சம் இதுவென்றால் மற்றதெல்லாம் எங்கே போனது என்று அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

பிச்சையம்மாளை மட்டும் கூட்டிப் போக வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தாள். அந்த அம்மா ராஜபாளையத்து மில்லில் நூல் சுற்றும் பகுதியில் காலமெல்லாம் வேலை பார்த்தவள். இப்போது ஞாபகம் போய்விட்டது. சாயங்காலம் எங்காவது மில் சங்கு ஊதினால், "ஷிப்ட் முடிஞ்சிருச்சு" என்று எழுந்து வாசலுக்கு வந்துவிடுவாள். கோயம்புத்தூரில் போலீஸ்காரனாக இருக்கும் மகன் அவளைக் கொண்டுவந்து விட்ட அன்று, "எங்கம்மாவுக்குத் தன் பேரே மறந்துரும், மேட்ரனம்மா. வாசலை மட்டும் தாண்ட விட்டுராதிய" என்று கண்கலங்கிக் கேட்டிருந்தான். ஆனால் தேரன்று காலையில் புதுச்சேலையை முதல் ஆளாகக் கட்டிக்கொண்டு வேன் பக்கத்தில் நின்றது பிச்சையம்மாள்தான். அவளை உள்ளே தள்ளிப் பூட்ட பரிபூரணத்துக்கு மனசு வரவில்லை. தன் கைக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்று ஏற்றினாள்.

ரத வீதியில் இறங்கியதும் அவள் திகைத்து நின்றாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கத்தரிப்பூ நிறம். கிழவிகள், குமரிகள், பிள்ளைத்தாய்ச்சிகள் எல்லோரும் அதே சேலை, அதே மஞ்சள் கரை. அவள் ஒருத்திதான் மேட்ரனுக்கு உரிய வெள்ளைச் சேலையில் நின்றாள். என்ன ஏது என்று விளங்குவதற்குள் தேர் அசைந்தது. கூட்டம் ஒரே தள்ளாகத் தள்ளியது. சுந்தரம்மாள் தடுமாறி விழப் போக, பரிபூரணம் பாய்ந்து அவள் தோளைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் தெரிந்தது, எந்தக் கையால் பிடித்தாள் என்று. பிச்சையம்மாள் இல்லை.

"அம்மா! பிச்சையம்மா!" என்று கத்தியபடி ஒரு கத்தரிப்பூச் சேலையைத் தொட்டுத் திருப்பினாள். வேறு யாரோ. இன்னொன்றைத் திருப்பினாள். வேறு யாரோ. மற்றவர்களை வேனில் ஏற்றிக் கூட்டிப் போகச் சொல்லிக் கருத்தம்மாவை அனுப்பிவிட்டு ஓடினாள். தேர்ச் சக்கரத்தின் பக்கம் போய்ப் பார்த்தாள். பார்க்கப் பயந்து கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தாள். அங்கே இல்லை. பிறகு கால்கள் அவளைக் கேட்காமலே கோவில் குளமான திருமுக்குளத்துக்கு இழுத்துக்கொண்டு போயின. தண்ணீரைக் கண்டாலே அவளுக்கு அந்த அருவி ஞாபகம்தான். கீழ்ப்படியில் கத்தரிப்பூ நிறத்தில் என்னவோ தண்ணீரில் அலைந்தது. "ஆண்டவரே, மறுபடியும் வேண்டாம்" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டே இறங்கினாள். யாரோ ஒரு பெண் முந்தானை நனையக் குனிந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். பரிபூரணம் படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

கால் கழுவிய அந்தப் பெண்தான் அவளைத் தாங்கிப் பிடித்து விஷயத்தைக் கேட்டது. பெயர் ஞானபாக்கியம், ராஜபாளையத்து மில் தொழிலாளி.

"அய்யோ, இது எங்க மில்லு சேலையாச்சே. பொன் விழாவுக்கு எல்லாருக்கும் குடுத்தாக. இதைக் கட்டிட்டு வந்தாத்தான் தேருக்கு மில்லு பஸ்ஸுல எடம்னு சொல்லிட்டாக. வெளியாளுக ஏறிரக்கூடாதுன்னுதான்."

"பஸ்ஸா?"

"மூணு பஸ்ஸு. மொத பஸ்ஸு அப்பவே மில்லுக்குத் திரும்பிருச்சு."

பரிபூரணத்துக்கு அந்தச் சங்குச் சத்தம் ஞாபகம் வந்தது. கூடப் பெண்கள், எல்லோரும் ஒரே சேலை, காத்து நிற்கும் பஸ். ஷிப்ட் முடிந்துவிட்டது என்றுதான் பிச்சையம்மாள் நினைத்திருப்பாள்! ஞானபாக்கியத்தையும் இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். ராஜபாளையம் போகும்வரை வெளியே பார்க்கவில்லை. மில்லில் இல்லையென்றால் அந்த மகனிடம் என்ன சொல்வது என்பதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

மில் வாசலில் வாட்ச்மேன் சங்கையா இவர்களைக் கண்டதும் எழுந்து வந்தார். "ஒரு அம்மா பஸ்ஸ விட்டு எறங்குனதும் நேரா சைக்கிள் ஸ்டாண்டு பெஞ்சியில போயி உக்காந்துட்டாக. யாரு வீட்டு ஆளுன்னு தெரியலை. ஆளு வரும், சேந்து போகணும்ங்காக."

பிச்சையம்மாள்தான். காலை ஆட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். பரிபூரணம் ஓடிப்போய் அவள் கையைப் பற்றி இழுத்தாள்.

"ஏம்மா இப்படி வந்துட்டிய? வாங்க, போவோம்!"

பிச்சையம்மாள் வீல் என்று கத்தினாள். "யாரு இவ? வெள்ளைச் சேலைக்காரி என்னைய எங்கயோ கொண்டுபோகப் பாக்கா! விடுடி!" பெஞ்சின் ஓரத்துக்கு ஒதுங்கி, ஞானபாக்கியத்தின் பின்னால் ஒளிந்துகொண்டு நடுங்கினாள்.

அந்த நடுக்கத்தைப் பரிபூரணத்துக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு வருஷமாக அவள் உடம்பிலேயே இருப்பதுதான். காப்பாற்ற ஓடி வந்த தன்னைப் பார்த்தே ஒரு கிழவி இப்படிப் பயப்படுகிறாளே என்று அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டடி விலகினாள். ஞானபாக்கியத்தைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னாள். சங்கையாவை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வாட்ச்மேன் அறைக்குள் இரண்டு பேரும் சேலை மாற்றிக்கொண்டார்கள். சங்கையா செயலாளரின் கடைக்குப் போன் போட்டு ஆள் கிடைத்துவிட்டதைச் சொன்னார்.

கத்தரிப்பூ நிறச் சேலையில் பரிபூரணம் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிச்சையம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, எம்புட்டு நேரமாக் காத்துக்கிட்டு இருக்கேன். இப்பத்தான் விட்டாகளா?"

"ஆமாக்கா. இப்பத்தான் விட்டாக. வாங்க, போவோம்."

சொன்னதும் எழுந்து வந்துவிட்டாள். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பரிபூரணத்தின் கையைத் தானாகவே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கை ஏண்டி இப்படி நடுங்குது? வேலைக்குப் புதுசா?"

"ஆமாக்கா. புதுசுதான்."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். மெஷின் சத்தத்துக்கே வயித்தைக் கலக்கும். நானும் கக்கூஸுல போயி அழுதுருக்கேன். பொறவு பழகிரும். நான் பக்கத்துலதான நிக்கேன், பயப்படாத."

பொன்னுராஜ் போனதிலிருந்து அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. மாத்திரையும் சோறும் கொடுத்துக்கொண்டே இருந்தாளே தவிர, அவளுக்கு ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பஸ்ஸில் ஆட்கள் பார்க்கப் பார்க்க, வெட்கமில்லாமல் அழுதாள். பிச்சையம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது தேர்ச் சத்தம் இன்னும் கேட்டது. நேராக இல்லத்துக்குப் போய்விட வேண்டும் என்றுதான் உடம்பு சொன்னது. ஆனால் பிச்சையம்மாள் இன்னும் தேரே பார்க்கவில்லை. பரிபூரணம் நின்று, தன் முந்தானையையும் அவள் முந்தானையையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"தேர் பாத்துட்டுப் போவோமாக்கா?"

"சட்டுன்னு பாத்துட்டு ஓடிருவோம்டி. வீட்டுல நம்மளத் தேடுவாக."

"தேடுனாகக்கா" என்றாள் பரிபூரணம். "ரொம்பத் தேடுனாக."