மாடிப்படிக்கு அடியில் ஒரு நூலகம்

மணவாள நகரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு மூலை உண்டு. அதைக் குட்டி நூலகமாக்க எனக்கு ஆசை. ஆனால், அங்கே என் மாமனாரின் கட்டில் கிடந்தது. கும்மிடிப்பூண்டி ஸ்டீல் கம்பெனியில் முப்பது வருடம் உலையடியில் நின்றவர். எழுதப் படிக்கத் தெரியாது.

கட்டிலை எடுக்கச் சொன்னால் கணவர் சண்டைக்கு வருவார். அதனால் கால்மாட்டிலேயே புத்தக அலமாரியை வைத்தேன். மாமனார் படுக்கும்போதெல்லாம், "மாமா, சரஸ்வதி மேல கால் படுது பாருங்க" என்பேன். உண்மையில் கால் ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும்.

"தெரியாம பட்டுச்சிமா" என்று புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, காலை மடக்கிக்கொள்வார்.

நான்கே நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டார். "மேல போய் படுத்துக்கிறேம்மா. காத்து வரும்."

மேலே இருப்பது தகரக் கொட்டகை. அது மே மாதம். அவருக்குச் சூடு பழகியதுதானே என்று நினைத்துக்கொண்டேன். கட்டிலை வெளியே எடுத்துவிட்டு, மூலையில் நாற்காலி போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்தேன்.

மறுநாள் மதியம் சாப்பாடு கொண்டுபோனபோது, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். "இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா ஆளு மிஞ்சியிருக்க மாட்டாரு" என்றார் டாக்டர்.

இப்போது கட்டில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. அலமாரியை என் படுக்கையறைக்கு மாற்றிவிட்டேன். கால்மாட்டில் வெறும் சுவர்தான்.

"காலை நீட்டிப் படுங்க மாமா" என்று தினமும் சொல்கிறேன்.

"இருக்கட்டும்மா, பழகிக்கினேன்" என்கிறார். இன்னும் காலை மடக்கிக்கொண்டுதான் தூங்குகிறார்.