பெட்டிக்குள் ஒரு பச்சை விளக்கு

லாரி எஞ்சினுக்கு இழுவை கூட்டிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, கம்பெனி வைத்து அனுப்பினதைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று வைப்பார், டீசல் தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றுவார், காற்றுக் குழாயை அகலமாக்குவார். தொழிலில் எல்லோரும் அவரைக் காதுக்காரர் என்றார்கள். ஓடும் எஞ்சின் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்று, "நாலாவது இன்ஜெக்டர் மூக்கடைச்சுக் கிடக்கு" என்பார். கழற்றிப் பார்த்தால் நாலாவதேதான். அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை. புது ஆள் முன்னால் யாராவது அப்படிக் கூப்பிட்டால், சட்டைக் காலரை ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொள்வார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாபாரி சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதைச் செருகினால் போதுமாம். கம்ப்யூட்டரை ஏமாற்றிக் கூடுதலாக டீசல் தெளிக்க வைக்குமாம். எஞ்சினைத் திறக்கவே வேண்டாம், பத்து நிமிஷ வேலை. காதுக்காரர் முதல் பெட்டியை ஒரு மணல் லாரியில் மாட்டிவிட்டுக் கண்ணை மூடி நின்றார். சத்தம் கனத்திருந்தது.

"இழுக்குது," என்றார்.

அவரே சொன்ன பிறகு வேறு சான்று யாருக்கு வேண்டும்? அறுபத்திரண்டு லாரிகளில் மாட்டினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பட்டறை அலமாரியிலிருந்து எடுத்த பெட்டி கை நழுவித் தரையில் விழுந்து பிளந்தது. பொறுக்கக் குனிந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு சின்னப் பச்சை விளக்கு. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் நேராகப் போகும் மூன்று ஒயர். கையில் கனமாக இருப்பதற்காக ஒரு சிமெண்டுக் கட்டி. வேறொன்றும் இல்லை.

"இது ஒண்ணு மட்டும் கோளாறா வந்திருக்கும்ணே," என்றார் கூட வேலை செய்யும் வெல்டர்.

அடுத்த பெட்டியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். விளக்கு, ஒயர், சிமெண்டு. அலமாரியில் மிச்சமிருந்த ஏழு பெட்டிகளையும் நெம்பினார். ஏழும் ஒரே அச்சு. வியாபாரிக்குப் போன் போட்டால், அந்த எண் புழக்கத்திலேயே இல்லை என்றது.

பேயறைந்தவர் போல வீட்டுக்குப் போனார். அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், கணவர் மேஜைமேல் வைத்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா ஏமாத்திட்டானா?"

"அவன் ஏமாத்தினது கிடக்கட்டும். நான் கேட்டேனே."

"என்னத்தக் கேட்டீங்க?"

"சத்தம் மாறினத. மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு சத்தம், மாட்டினப்புறம் ஒரு சத்தம். யாரையும் ஏய்க்கணும்னு சொல்லல. இந்தக் காதுல நிஜமாவே கேட்டுச்சு. அறுபத்திரண்டு தடவையும் கேட்டுச்சு."

மனைவி பையைக் கீழே வைத்தார். "ரத்தத்தைக் கண்ணால பார்த்தே சர்க்கரை எவ்வளவுன்னு நான் எழுதிக் குடுத்தா, என்ன ஆகும்?" குரலில் கோபமில்லை. "மாட்டின வண்டியெல்லாம் யாரோடதுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப போய்ச் சொல்லிடுங்க."

இரண்டு நாள் அவர் பட்டறையைத் திறக்கவில்லை. டி.வி. ஓடினாலும் குக்கர் கூவினாலும், இது நிஜமாகவே கேட்கிறதா என்று ஒரு நொடி தடுமாறினார். மூன்றாம் நாள், உடைந்த பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு முதலில் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை கணவர் சிமெண்டு லாரி ஓட்டுபவர்.

"மாப்ளே, அந்தப் பெட்டியைக் கழட்டிடலாம். உள்ள ஒண்ணுமே இல்ல."

"விளையாடாதீங்க மச்சான். அது வந்ததுலேருந்துதான் மேட்டுல மூணாவது கியர்லயே ஏறுது."

உடைந்ததை எடுத்துக் காட்டினார். "இது போலி. என்னோடது அசல்," என்றார் மாப்பிள்ளை. அதையும் பிரித்தார்கள். சிமெண்டு. மாப்பிள்ளை கட்டியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, "உள்ள என்ன இருந்தா என்ன? வண்டி இழுக்குதுல்ல?" என்றார்.

சரி, பார்த்துவிடலாம் என்று அதே சுமையோடு அதே மேட்டில் நாலு தடவை ஏறினார்கள். பெட்டியோடு இரண்டு, பெட்டி இல்லாமல் இரண்டு. காதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்தார். பெட்டியோடு ஏறினதைவிட, இல்லாமல் ஏறினது இரண்டு வினாடி சீக்கிரம்.

"பக்கத்துல நீங்க உக்காந்திருந்தா எனக்குக் கை ஓடாது," என்றார் மாப்பிள்ளை. "பேசாம மறுபடி மாட்டி விடுங்க."

காதுக்காரர் பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஏமாந்த வயிற்றெரிச்சலில் அடிக்க வருவார்கள் என்றுதான் பயந்திருந்தார். கெஞ்சுவார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவர் மாட்டவில்லை. பெட்டி போனதிலிருந்து வண்டி முனகுகிறது என்று தங்கை மூலம் சொல்லி அனுப்பினார் மாப்பிள்ளை. ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படியே ஒவ்வொருவராகத் தேடிப் போனார். சிலர் திட்டினார்கள், வாங்கிக்கொண்டார். கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். பதினாலு பேர் பெட்டியைத் தொடவே விடவில்லை. ஒருவர், "உனக்குக் காது மந்தமாயிடுச்சு, அதான் இப்படிப் பேசுற" என்றே சொல்லிவிட்டார். நாலு வண்டிகள் கைமாறிப் போயிருந்தன, கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியாகப் பார்த்தது தண்ணீர் லாரி ஓட்டும் ஒரு பெண்ணை. லாரி ஓட்ட வந்த புதிதில், சுமையோடு மேட்டில் பாதியில் நின்று பின்னால் ஹாரன் அலற அழுதவர். பெட்டி மாட்டின பிறகு ஒரு தடவைகூட நின்றதில்லை. லாரியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்க, டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், காதுக்காரர் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"கழட்டிடுங்கண்ணே," என்றார். கழற்றி, பிரித்துக் காட்டினதும், அந்தச் சிமெண்டுக் கட்டியை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டார்.

"அப்ப இந்த ரெண்டு வருஷமா மேட்டுல எப்படிண்ணே ஏறுச்சு?"

"நீங்கதாம்மா ஏத்தினீங்க. வேற யாரு?"

அந்தப் பெண் தண்ணீர் நிரம்பி வழிவதைக்கூடக் கவனிக்காமல், லாரியை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். காதுக்காரர்தான் போய் வால்வை மூடினார்.